பிஎச்.டி. சேர்க்கை: பிரிவைத் தேர்வதிலிருந்து பதிவுக் கடிதம் வரை

"கைடு கிடைச்சுட்டாங்க சார், ஃபார்ம் எப்படி நிரப்பறதுன்னு மட்டும் சொல்லுங்க." என்னிடம் வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். முழுநேரமா, பகுதிநேரமா என்று கேட்டால், "அது ஃபார்ம்ல டிக் பண்றதுதானே சார்" என்பார்கள்.

அந்த ஒரு டிக்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. யாரிடம் சேரலாம், எந்தெந்தத் தாள் கொடுக்க வேண்டும், உதவித்தொகைக்கு வழி உண்டா, பிறகு வேலைக்குப் போகும்போது இந்த ஆண்டுகள் பணி அனுபவமாக எண்ணப்படுமா என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. ஆகவே இங்கே பிரிவை முதலிலும் படிவத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

நான் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாகப் படித்து முடித்தவன். அதன்பின் சக ஆசிரியர்கள், பழைய மாணவர்கள் என்று பலருடைய விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொடுத்து வருகிறேன். இதை எழுதும்போது என் மனத்தில் இருப்பவை தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளின் ஆய்வு மையங்களும். அடிப்படை விதிகள் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 நவம்பரில் வெளியிட்டவை. அவற்றின் மேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விதிகளைச் சேர்த்துக்கொள்ளும். நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. ஒழுங்குமுறைக் கோப்பை, அதுவும் இந்த ஆண்டுக்கு உரியதை, இணையதளத்திலிருந்து இறக்கிக்கொண்டு மேலே படியுங்கள். சீனியர் வைத்திருக்கும் பழைய கோப்பு உதவாது. யுஜிசியின் இந்த 2022 விதிமுறை எம்.ஃபில். படிப்பையே நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய தாளை நம்பி நிரப்பிய விண்ணப்பம் பாதியில் நின்றுவிடும்.

1. பிரிவை முடிவு செய்யுங்கள்

முழுநேரம் என்றால் ஆய்வு மட்டுமே உங்கள் வேலை. நெறியாளர் (கைடு) இருக்கும் துறைக்கு நாள்தோறும் போக வேண்டும், வருகைப்பதிவு உண்டு, வேறெங்கும் சம்பளம் வாங்கக் கூடாது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் முன்னிலை பெறுபவர்களுக்குக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை முழுநேர ஆய்வாளருக்குத்தான். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மாநில அரசு தரும் பிஎச்.டி. ஊக்கத்தொகையும் அப்படியே.

பகுதிநேரத்தை நம் பல்கலைக்கழகங்கள் பல இரண்டாகப் பிரிக்கின்றன. இன்டர்னல் என்பது பொதுவாக அந்தப் பல்கலைக்கழகத்திலோ அதன் இணைப்புக் கல்லூரியிலோ வேலை பார்ப்பவர்களுக்கு. மற்ற நிறுவன ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்கள், பிற பல்கலைக்கழக எல்லையில் பணிபுரிபவர்கள் எக்ஸ்டர்னல். இந்தக் கோடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. இணைப்புக் கல்லூரியில் வேலை பார்த்தாலும், அந்தத் துறை ஆய்வு மையமாக அங்கீகாரம் பெறாவிட்டால் எக்ஸ்டர்னல்தான் என்று சொல்லும் இடமும் இருக்கிறது. உங்கள் ஒழுங்குமுறையில் 'வரையறைகள்' என்ற பகுதியைத் திறந்து, உங்கள் வேலைக்கு எது பொருந்துகிறது என்று சொல் சொல்லாகப் பாருங்கள்.

பகுதிநேரம் என்பது தொலைநிலைக் கல்வி அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் வருகிறார்கள். தொலைநிலையிலோ இணையவழியிலோ பிஎச்.டி. நடத்த இந்த விதிமுறை இடம் தரவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இணையவழி பிஎச்.டி. தருவதாகச் சொல்லும் கல்விச் செயலி நிறுவனங்களை நம்ப வேண்டாம் என்று யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரில் எச்சரித்தன. பணம் கட்டும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

இனி, கல்லூரி ஆசிரியராக விரும்புகிறவர்கள் நின்று நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். ஆசிரியர் நியமனம் பற்றிய யுஜிசியின் 2018 விதிமுறையில், பிஎச்.டி. படித்த காலத்தைக் கற்பித்தல் அனுபவமாகக் காட்ட முடியாது என்று இருக்கிறது. விடுப்பே எடுக்காமல் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வும் செய்திருந்தால் மட்டும் அந்தக் காலம் அனுபவத்தில் சேரும். அதாவது, முறையாகப் பகுதிநேரத்தில் பதிவு செய்த ஆசிரியருக்கு ஆண்டுகள் வீண்போவதில்லை. முழுநேரத்தில் பதிவு செய்துவிட்டு, வீட்டுச் சூழலால் சத்தமில்லாமல் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பாடம் எடுத்தவருக்கு இரண்டு பக்கமும் அடி. ஒரே காலத்துக்கு முழுநேர வருகைச் சான்றும் பணி அனுபவச் சான்றும் இருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் ஒன்று விழும். எனக்கு நெருக்கமான ஒருவர் மூன்று ஆண்டு அனுபவத்தை இப்படி இழந்ததைப் பார்த்தேன். நேர்மையாக உழைத்த மூன்று ஆண்டுகள் அவை. பதிவு செய்தபோது அவரிடம் இதைச் சொல்ல ஆளில்லை.

பகுதிநேரம் என்றால் காலம் அதிகம் கிடைக்கும் என்பதும் தவறான எண்ணம். சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்து மேலும் 2 ஆண்டு பெறலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் 2 ஆண்டு தளர்வு உண்டு, ஆனால் மொத்தம் 10 ஆண்டைத் தாண்ட முடியாது. பகுதிநேரத்துக்குக் குறைந்தபட்சக் காலத்தைக் கூட்டி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யுஜிசி 2022இல் அனுமதித்தது பிஎச்.டி.க்குப் பொருந்தாது. "பி.எட்.டையும் சேர்த்தே முடிச்சுடலாம்" என்ற திட்டம் இருந்தால், முதலில் ஒன்றை முடித்துவிட்டு வாருங்கள்.

2. மதிப்பெண் தகுதியை எண்ணிப் பாருங்கள்

மூன்றாண்டு இளநிலைக்குப் பின் இரண்டாண்டு முதுநிலை, அல்லது நான்காண்டு இளநிலைக்குப் பின் ஓராண்டு முதுநிலை. முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும். முதுநிலை இல்லாமல் நான்காண்டு இளநிலையோடு நேரடியாக வருபவருக்கு 75 சதவீதம். எஸ்.சி., எஸ்.டி., வசதி வரம்புக்கு உட்பட்ட (நான்-க்ரீமி லேயர்) ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதத் தளர்வு.

இங்கே தடுக்கி விழுவது கணக்கில். முதல் பிழை, 54.7ஐ 55 என்று எழுதுவது. அதை உயர்த்திக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. இரண்டாவது பிழை, கிரேடு புள்ளியைத் தானே பத்தால் பெருக்கிப் போடுவது. உங்கள் முதுநிலைப் பல்கலைக்கழகத்துக்கென்று மாற்றுச் சூத்திரம் இருக்கலாம். பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். அங்கே இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மாற்றுச் சான்று கேட்டு வாங்குங்கள்.

முதுநிலையைத் தொலைநிலையில் படித்தவர்கள், தாங்கள் சேர்ந்த ஆண்டில் அந்தப் படிப்புக்கு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி இருந்ததைக் காட்டும் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னால் போதாது. அனுமதி படிப்புவாரியாக, ஆண்டுவாரியாக வழங்கப்படுவது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளநிலை, முதுநிலை என்ற வரிசை உடைந்திருந்தால் (பன்னிரண்டாம் வகுப்பு இல்லாமல் திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர்கள்) விண்ணப்பிக்கும் முன்பே எழுத்துமூலமாகக் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள்.

3. நுழைவு வழி எது?

இரண்டு வழிகள். ஒன்று, நெட் அல்லது அதுபோன்ற தேசியத் தகுதித் தேர்வு. மற்றது, பல்கலைக்கழகமே நடத்தும் நுழைவுத் தேர்வு.

நெட் முடிவு 2024 ஜூன் சுழற்சியிலிருந்து மூன்று தட்டாக வருகிறது. முதல் தட்டு ஜே.ஆர்.எஃப்., உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி. சேர்க்கை ஆகிய மூன்றுக்கும். இரண்டாவது தட்டு உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் பிஎச்.டி.க்கும். மூன்றாவது பிஎச்.டி.க்கு மட்டும். ஜே.ஆர்.எஃப். பெற்றவர் நேர்காணலுக்கு நேராகப் போகலாம். மற்ற இரண்டு தட்டுக்காரர்களுக்குத் தேர்வு மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று எடை. அவர்களுடைய நெட் மதிப்பெண் பிஎச்.டி. சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். இதைக் கவனிக்காமல், "அடுத்த ஜூலையில் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டு வாய்ப்பைத் தவறவிட்டவர்கள் உண்டு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு அந்தக் காலவரம்பு இல்லை என்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள்.

மாநில அளவிலான செட் தேர்ச்சிக்கு விலக்கு தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அறிவிக்கையில் எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள்.

பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் பாதி பாடம், மறுபாதி ஆய்வு முறையியல். புதியவர்கள் பாடத்தை மட்டும் உருப்போட்டுவிட்டுப் போகிறார்கள். கருதுகோள் அமைப்பது, மாதிரி எடுப்பது, மேற்கோள் முறை, கருத்துத் திருட்டு, அடிப்படைப் புள்ளியியல் ஆகியவற்றுக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். தமிழ், வரலாறு படித்தவர்களும் இதில் அடக்கம். 50 சதவீதம் எடுத்தால்தான் நேர்காணல். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அங்கேயும் 5 சதவீதத் தளர்வு இருக்கிறது.

4. நெறியாளர்

பிரிவு, தகுதி, நுழைவு வழி மூன்றும் தெளிந்த பின் நெறியாளரைத் தேடுங்கள். முன்பே போய் நின்றால், அவர் கேட்கும் முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது.

பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை ஒரே நேரத்தில் ஆய்வாளர்களை வைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வாளரைச் சேர்க்கக் கூடாது. ஆகவே மரியாதை குறையாமல் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இப்போது காலியிடம் இருக்கிறதா, கைடுஷிப் ஆணை (நெறியாளராக இருக்கத் தரும் அங்கீகாரம்) எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்துக்குத் தந்தது, பணிக்காலம் இன்னும் எவ்வளவு. "ஒருத்தர் இந்த மாசம் வைவா முடிச்சுடுவார், அந்த இடம் உங்களுக்கு" என்ற பதில் வந்தால் அந்த இடம் இன்னும் காலியாகவில்லை என்று பொருள். காலியான பிறகுதான் உங்கள் படிவத்தில் அவர் கையொப்பம் செல்லும்.

கைடுஷிப் ஆணையில் உள்ள பாடத்தின் பெயரும் உங்கள் விண்ணப்பத்தின் பாடமும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். வணிகவியலுக்கு ஆணை வைத்திருப்பவரிடம் மேலாண்மையில் பதிவு கேட்டால் கோப்பு திரும்பி வரும்.

புகழ்பெற்றவர் என்பதற்காக எட்டாவது ஆளாகப் போய்ச் சேர்வதைவிட, உங்கள் வரைவைப் படித்துச் சிவப்பு மையால் திருத்தித் தருபவரிடம் இரண்டாவது ஆளாகச் சேர்வது மேல் என்பது என் கருத்து. அவருடைய பழைய மாணவர் ஒருவரிடம், ஓர் இயலைக் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வரும் என்று கேளுங்கள். அந்தப் பதில் உங்கள் ஆறு ஆண்டுகளைப் பற்றிச் சொல்லிவிடும்.

5. பகுதிநேரத்தார்: என்.ஓ.சி. (ஆட்சேபமின்மைச் சான்று)

பகுதிநேர விண்ணப்பங்கள் மிகுதியாகத் திரும்பி வருவது இந்தத் தாளால்தான். ஆட்சேபம் இல்லை என்று ஒரு வரி எழுதி முத்திரை குத்தினால் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். விதிமுறை மூன்று செய்திகளைக் கேட்கிறது: இவர் பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க இவருடைய பணி இடம் தருகிறது, தேவைப்பட்டால் பாடத்திட்டப் படிப்பை (கோர்ஸ் வொர்க்) முடிக்க இவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். மூன்றாவது வரியை எழுதத்தான் நிர்வாகங்கள் தயங்கும். அது இல்லாத என்.ஓ.சி. முழுமையானதல்ல. எனவே வரைவை நீங்களே தட்டச்சு செய்து எடுத்துப் போங்கள்.

கையொப்பம் நியமன அதிகாரியுடையதாகவோ கல்லூரி முதல்வருடையதாகவோ இருக்கட்டும். துறைத்தலைவர் போட்டது செல்லாது. தேதி, கடித எண், அலுவலகத் தலைப்புத்தாள் மூன்றும் இருக்க வேண்டும்.

அரசுப் பள்ளி ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் துறைவழியாக உயர்கல்விக்கு முன் அனுமதி பெற வேண்டும். அந்தக் கோப்பு நகர மாதங்கள் ஆகலாம். பல்கலைக்கழக அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் கடைசித் தேதி கடந்துவிடும். படித்து முடித்துவிட்டுப் பின்தேதியிட்டு அனுமதி கேட்டால் துறை நடவடிக்கையில் போய் முடியும்.

ஆய்வின் நடுவே வேலை மாறினால், புது இடத்தின் என்.ஓ.சி.யை உடனே வாங்கிப் பல்கலைக்கழகத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போதுதான் இதைக் கேட்பார்கள். அதற்குள் பழைய முதல்வரும் மாறியிருப்பார்.

6. முன்மொழிவு

ஐந்து பக்கத்துக்கு மேல் வேண்டாம். என்ன கேள்வி, அதை இதுவரை யார் எந்த அளவு தொட்டிருக்கிறார்கள், நீங்கள் எந்தத் தரவை எங்கிருந்து எடுப்பீர்கள், எப்படிப் பகுப்பீர்கள். இவ்வளவுதான்.

தலைப்பை உறுதி செய்யும் முன் ஷோத்கங்காவில் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே கிடைக்கின்றன. தமிழிலும் ஆங்கில எழுத்திலும் இரண்டு விதமாகத் தேடுங்கள். தமிழ் ஆய்வேடுகளின் தலைப்புகளை ஒவ்வொருவர் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் ஏற்றியிருப்பார்கள். "என் தலைப்புல யாருமே செய்யல சார்" என்று வந்தவருக்கு, தேடும் சொல்லை மாற்றிப் போட்டதும் நான்கு ஆய்வேடுகள் கிடைத்தன. அவர் சோர்ந்துபோனார், ஆனால் அந்த நான்கையும் படித்த பிறகு எழுதிய முன்மொழிவு முதலாவதைவிடப் பல மடங்கு நன்றாக இருந்தது.

7. சான்றிதழ்கள்

பத்தாம் வகுப்பு முதல் முதுநிலை வரை மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றுகள், சாதிச் சான்று, நெட் அல்லது நுழைவுத் தேர்வு மதிப்பெண் அட்டை. வேறு பல்கலைக்கழகத்தில் முதுநிலை முடித்தவர் என்றால் இடப்பெயர்வுச் சான்றும் தகுதிச் சான்றும். வெளிநாட்டுப் பட்டம் என்றால் சமநிலைச் சான்று. இலங்கையில் பட்டம் பெற்று இங்கே சேர வருபவர்களுக்கும் இது வேண்டும்.

இரண்டு விஷயங்களை மட்டும் விரித்துச் சொல்கிறேன். ஒன்று, பி.சி., எம்.பி.சி. சான்றிதழும் ஓபிசி சான்றிதழும் ஒன்றல்ல. மாநிலச் சாதிச் சான்று நிலையானது. நெட், ஜே.ஆர்.எஃப்., மத்தியப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றுக்கு வசதி வரம்புக்கு உட்பட்டவர் என்று சொல்லும் ஓபிசி சான்று தனியாக வேண்டும். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம், வருமான விவரம் கேட்பார்கள். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதால் அதையும் முதலில் பாருங்கள்.

மற்றது இனிஷியல். பள்ளிச் சான்றில் பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால், பட்டச் சான்றில் அப்பா பெயர் விரிவாக, வங்கிக் கணக்கில் வேறு மாதிரி. நம் ஊரில் இது சகஜம். ஆனால் உதவித்தொகை வரும்போது வங்கியிலேயே நின்றுவிடும். பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே எல்லாவற்றிலும் எழுதுங்கள், ஆதாரையும் வங்கியையும் அதற்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளுங்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிய பெண்கள் அரசிதழ் அறிவிக்கையை இணைக்க வேண்டியிருக்கும்.

8. படிவமும் நேர்காணலும்

இவ்வளவும் கையில் இருந்தால் படிவம் ஒரு மணி நேர வேலை. பல பல்கலைக்கழகங்கள் ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு முறை சேர்க்கின்றன. பணம் கட்டிய ரசீது எண்ணைக் குறித்து வையுங்கள். கடைசி நாள் மாலையில் இணையதளம் தள்ளாடும், இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

நேர்காணலில் பெரும்பாலும் உங்கள் முன்மொழிவிலிருந்துதான் கேட்பார்கள். பகுதிநேரத்தாரிடம் கட்டாயம் வரும் கேள்வி ஒன்று: வாரத்தில் எந்த நேரம் ஆய்வுக்கு? "முடிஞ்ச வரைக்கும் பண்ணுவேன் மேடம்" என்று சொல்லாதீர்கள். சனி முழுவதும் நூலகம், புதன் மாலை நெறியாளர் சந்திப்பு என்று நாளும் நேரமும் சொல்லுங்கள்.

9. இடம் கிடைத்த பிறகு

முதலில் வருவது தற்காலிகப் பதிவு. அந்தக் கடிதத்தில் பிரிவு, பாடம், நெறியாளர் பெயர், ஆய்வு மையம், பதிவுத் தேதி ஐந்தையும் அன்றைக்கே சரிபாருங்கள். எக்ஸ்டர்னல் என்று கேட்டு இன்டர்னல் என்று அச்சாகி வந்தால் அந்த வாரமே திருத்தம் கேட்டு எழுதுங்கள். மூன்றாண்டு கழித்துக் கேட்டால், இடைப்பட்ட காலத்துக்கு எந்தக் கட்டணம், எந்த வருகை விதி என்ற சிக்கல் கிளம்பும்.

பாடத்திட்டப் படிப்பு குறைந்தது 12 கிரெடிட். அதில் 55 சதவீதம் எடுத்தால்தான் ஆய்வைத் தொடரலாம். எம்.ஃபில். முடித்தவர்கள் தங்களுக்கு விலக்கு உண்டு என்று தாங்களே முடிவு செய்துகொள்ள வேண்டாம். ஆய்வு ஆலோசனைக் குழு முன்பாக ஒவ்வொரு பருவமும் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும். டி.சி. (டாக்டோரல் கமிட்டி) கூட்டம் என்று பழைய பெயரில் சொல்வதும் இதைத்தான். கூட்டக் குறிப்பின் நகலை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குங்கள்.

பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக மொத்தக் காலத்தில் 240 நாள் வரை உண்டு. கேட்கத் தயங்கி, வராத நாட்களாகப் பதிவாகவிட்டுப் பிறகு தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்தில் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

முழுநேரத்திலிருந்து பகுதிநேரத்துக்கோ மறுபக்கமோ மாற வேண்டி வந்தால், வரிசை இதுதான்: நெறியாளர் ஒப்புதல், ஆலோசனைக் குழுப் பரிந்துரை, மாற்றுக் கட்டணம், பல்கலைக்கழக ஆணை. ஆணை கைக்கு வந்த பிறகுதான் வேலையில் சேர வேண்டும். உதவித்தொகை வாங்குபவர் சேரும் தேதியிலிருந்து அதை நிறுத்தக் கோரி எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டும்படி ஆகும். வேலைக்கான அழைப்பு திடீரென்று வந்துவிட்டால், விண்ணப்பத்தைக் கொடுத்த தேதியிட்ட ஒப்புகையாவது கையில் இருக்கட்டும்.

ஆண்டுக் கட்டணத்தின் கடைசி நாள் பதிவு மாதத்தைப் பொறுத்தது. அதைக் கைபேசியில் ஆண்டுதோறும் ஒலிக்கும்படி வைத்துவிட்டு, ரசீதுகளை ஒரே கோப்பில் அடுக்கி வாருங்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும் நாளில் அத்தனையையும் கேட்பார்கள்.